வேட்பாளரின் ஈமானும் வாக்காளரின் அமானிதமும்

மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை நீண்டு கிடக்கும் எமது கரையோரத்தில் தேர்தலொன்று அறிவிக்கப்பட்டதும் வேட்பாளரைப் பற்றிக் கேட்கப்படும் முதற் கேள்வி, 'ஆள் எப்படி, தொழுகையாளியா?' என்பதுதான். இரண்டாவது கேள்வி, 'எந்த ஊர்?' என்பது. அவர் என்ன படித்தவர், முன்பு வகித்த பதவியில் என்ன செய்தார், பாராளுமன்றத்தில் எந்தச் சட்டத்துக்குக் கையுயர்த்தினார் என்பனவெல்லாம் அதற்குப் பின்னால் வருபவை. பல வேளைகளில் வராமலே போய்விடுபவை.

இந்த முதற் கேள்வியைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். அதை ஏளனம் செய்யும் எண்ணம் எனக்கில்லை. படித்தவர்கள் சிலர், 'இந்தச் சனம் தொப்பியைப் பார்த்து வாக்களிக்கிறது' என்று தேநீர்க் கடையிலிருந்து சிரிப்பதைக் கேட்டிருக்கிறேன். சிரிப்பவர்கள் அந்தக் கேள்விக்குள் இருக்கும் நியாயத்தைப் பார்ப்பதில்லை. ஒரு பாராளுமன்ற உறுப்பினரோ பிரதேச சபைத் தவிசாளரோ செய்யும் வேலையில் பெரும்பகுதி நம் கண்ணுக்கு மறைவாக நடப்பது. கேள்விப்பத்திரம் யாருக்குக் கொடுபட்டது, வேலைவாய்ப்புப் பட்டியலில் எந்தப் பெயர் வெட்டப்பட்டு எந்தப் பெயர் செருகப்பட்டது, காணி அனுமதிப்பத்திரம் எந்த மேசையில் எத்தனை மாதம் தூங்கியது என்பதை வயலில் நிற்பவரும் தோணியில் போகிறவரும் எப்படி அறிவது? எனவே, மனிதர் பார்க்காத இடத்திலும் அல்லாஹ் பார்க்கிறான் என்று அஞ்சுகிற ஒருவரை அனுப்பிவிட்டால் நல்லது என்று அவர்கள் எண்ணுகிறார்கள். காண முடியாத நேர்மைக்கு, காணக்கூடிய ஓர் அடையாளத்தை வேண்டுகிறார்கள். இதில் மடமை எதுவுமில்லை.

சிக்கல் அதன் அடுத்த படியில் இருக்கிறது. ஓர் அடையாளம் பெறுமதி உடையது என்று தெரிந்துவிட்டால் அது போலியாகவும் அச்சடிக்கப்படும். செல்லாக் காசுக்கு எவரும் கள்ளக் காசு அடிப்பதில்லை. வேட்புமனு தாக்கல் செய்யும் மாதத்தில் முதல் ஸஃப்பில் இடம்பிடிப்பவர்களையும், ஊரில் எந்த ஜனாஸா என்றாலும் சந்தூக்கின் முன்காலைத் தோளில் தாங்க ஓடி வருபவர்களையும், இஃப்தாருக்குக் கஞ்சிச் சட்டியோடு படம்பிடிப்பவரையும் கூட்டி வருபவர்களையும் நாம் அனைவரும் அறிவோம். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றத்தில் பச்சைத் துண்டோடு நின்றுவிட்டு, அடுத்த வாரம் கொடியேற்றத்தை பித்அத் என்று பேசுகிற ஜமாஅத்தின் மண்டபத்தில் 'நானும் உங்கள் சிந்தனைதான்' என்று சொல்லுகிற சாமர்த்தியமும் இங்கு உண்டு. அந்த மனிதரைக் குறைகூறி என்ன பயன்? 'தரீக்காவா, தௌஹீதா, தப்லீக்கா?' என்று நாம் கேட்கிறோம். அவர் எல்லாவற்றுக்கும் ஒரு விடையை எடுத்து வருகிறார். சந்தை கேட்கிற சரக்கு அது.

ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்களைப் பற்றிய ஒரு செய்தி அறிஞர்களின் நூல்களில் வருகிறது. ஒருவருக்காக இன்னொருவர் நற்சான்று பகர வந்தார். அவரிடம் உமர் அவர்கள் மூன்று விடயங்களை விசாரித்தார்கள்: அவருடைய இரவையும் பகலையும் அறிந்த அண்டை வீட்டுக்காரரா நீர்? அவரோடு காசுக் கொடுக்கல் வாங்கல் செய்திருக்கிறீரா? அவரோடு பயணம் போயிருக்கிறீரா? மூன்றுக்கும் இல்லை என்றார் வந்தவர். அப்படியானால் பள்ளிவாசலில் அவர் குனிந்து நிமிர்வதைத்தான் கண்டிருப்பீர், அவரை உமக்குத் தெரியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தொழுகையின் மகத்துவத்தில் உமர் அவர்களுக்குக் குறைவான மதிப்பு இருந்தது என்று எவரும் சொல்லத் துணியார். தொழுகை அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையில் எதைச் சொல்கிறது, இன்னொரு மனிதனுக்கு எதைச் சொல்வதில்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அவர்கள் விசாரித்த மூன்றும் காலத்தால் மட்டுமே போலி செய்ய முடியாதவை. அயல், காசு, பயணம்.

தொழுகையாளியா என்ற கேள்வி எமது தேர்தல்களில் எப்போதும் இவ்வளவு உரத்துக் கேட்டதில்லை. எமது மூத்தவாப்பாமார் காலத்தில் வாக்கு பெரும்பாலும் போடியாரின் வாசலிலும் குடி மரைக்காயர்மாரின் சொல்லிலும் தீர்மானமானது. பள்ளிவாசல் அப்போதும் அரசியலில் இருந்தது. ஆனால் தாய்வழிக் குடிகளின் கூட்டாகவே இருந்தது, வேட்பாளரின் வணக்கத்தை அளக்கும் கோலாக அல்ல. 1947 இல் கல்முனைத் தொகுதியில் வெற்றி பெற்ற கேற் முதலியார் எம்.எஸ். காரியப்பர் அத்தகைய செல்வாக்கின் உருவம். 1956 இல் அவர் கல்முனையிலும் எம்.எம். முஸ்தபா பொத்துவிலிலும் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் நின்று வென்றார்கள். அக்கட்சியின் தலைவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகம் ஒரு கிறிஸ்தவர். கட்சியின் ஆதரவாளரில் பெரும்பாலோர் சைவர். அதன் சின்னத்துக்குப் புள்ளடியிட்ட எமது கரையோரத்தவர் முஸ்லிம்கள். அன்று எவருடைய ஈமானும் கெட்டுப் போனதாக நான் கேள்விப்படவில்லை. வென்ற இருவரும் பின்னர் அரசாங்கத்தின் பக்கம் போய்விட்டார்கள் என்பது வேறு கதை. கட்சி தாவுகிற கலையை எமது பகுதி ஆரம்பத்திலேயே கற்றுக்கொண்டது.

காரியப்பரின் கதையில் எனது விடயத்துக்கு வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. இலஞ்சக் குற்றச்சாட்டுகளை விசாரித்த தல்கொடபிட்டிய ஆணைக்குழு, குற்றச்சாட்டு நிரூபணமானதாகக் கண்ட பாராளுமன்ற உறுப்பினர்களுள் அவரும் ஒருவர். அந்த அறிக்கைக்குப் பின்பு, 1965 மார்ச்சில், கல்முனை வாக்காளர்கள் அவரை மீண்டும் தெரிவுசெய்து அனுப்பினார்கள். அவ்வாண்டின் இறுதியில் நிறைவேறிய குடியியல் உரிமைத் தடைச் சட்டம் அவருடைய ஆசனத்தைப் பறித்தது. அவர் விடாமல் வழக்காடினார். 1967 இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அச்சட்டம் செல்லுபடியாகும் என்று தீர்த்தது. சட்ட மாணவர்கள் அந்த வழக்கை அரசியலமைப்புப் பாடமாகப் படிக்கிறார்கள். எமக்கு அது வேறொரு பாடம். எமது வாக்காளர் ஆணைக்குழுவின் தீர்ப்பை நம்பவில்லையா, அல்லது நம்பியும் 'எங்கட ஆள்' என்று பொறுத்துக்கொண்டாரா? இரண்டாவதுதான் என்றால், 'எங்கட ஆள்' என்பது மார்க்கத்தின் பெயரால் பேசப்படுவதற்கு முன்பே இங்கு வேரூன்றியிருந்தது என்பதாகிறது. மார்க்கம் பின்னர் வந்து அதற்குச் சட்டை தைத்துக் கொடுத்தது.

அந்தச் சட்டை தைக்கப்பட்ட காலத்தை நியாயமாகப் பார்க்க வேண்டும். 1981 இல் காத்தான்குடியில் தோன்றி, 1988 இல் அரசியல் கட்சியாகப் பதிவான ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸ், அவ்வாண்டு வடக்கு கிழக்கு மாகாண சபைத் தேர்தலில் 17 ஆசனங்களைப் பெற்றது. 1989 இல் எம்.எச்.எம். அஷ்ரஃப் திகாமடுல்லயிலிருந்து பாராளுமன்றம் சென்றார். அல்குர்ஆனும் ஹதீஸும் வழிகாட்டி, ஷூறா, தக்பீர் முழக்கம், மரச் சின்னம், பச்சைக் கொடி என்று கட்சியின் மொழியே மார்க்க மொழியாக இருந்தது. மறு ஆண்டு ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஏறாவூரில் உறங்கியவர்கள் வெட்டப்பட்டார்கள். ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் ஒரு கைப்பையோடு துரத்தப்பட்டார்கள். முஸ்லிம் என்பதற்காகக் கொல்லப்பட்ட ஒரு சமூகம், முஸ்லிம் என்பதற்காக வாக்களிக்கவும் எழுந்தது. அந்த எழுச்சியை வெறும் மதவாதம் என்று ஒரு சொல்லில் முடிப்பவரோடு எனக்கு உடன்பாடில்லை. அடித்த கை எந்த அடையாளத்தைப் பார்த்து அடித்ததோ, அந்த அடையாளத்தைச் சுற்றித்தான் அடிபட்டவர்கள் கூடுவார்கள்.

எனினும் அஷ்ரஃப் மீது எமது மக்கள் கொண்ட பற்றை மார்க்க முழக்கத்தால் மட்டும் விளக்கிவிட முடியாது. 1994 உள்ளூராட்சித் தேர்தலில் தாம் சொன்ன இலக்கு தவறினால் பாராளுமன்றப் பதவியைத் துறப்பேன் என்று மேடையில் சொல்லியிருந்தார், தவறியது, துறந்தார். இலங்கை அரசியலில் அப்படியொன்றை எமது பெரியவர்கள் அதற்கு முன் கண்டதில்லை. இன்றும் அந்தச் சம்பவத்தைச் சொல்லும்போது அவர்களின் குரல் மாறுவதைக் கவனித்திருக்கிறேன். அவர் எத்தனை நஃபில் தொழுதார் என்று எவரும் சொல்வதில்லை. சொன்ன சொல்லைக் காத்தார் என்கிறார்கள். ஒலுவிலில் பல்கலைக்கழகம் வந்ததைச் சொல்கிறார்கள். அவரே தம் இறுதிக் காலத்தில் தேசிய ஐக்கிய முன்னணியை அமைத்து, எல்லாச் சமூகத்தவரும் சேரக்கூடிய அரசியலொன்றைத் தேடினார். 2000 செப்டெம்பர் 16 இல் அரநாயக்க மலையில் ஹெலிகொப்டர் வீழ்ந்ததோடு அந்தத் தேடலும் நின்றது. பின்வந்தவர்கள் அவருடைய முதற் காலத்து முழக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். கடைசிக் காலத்துக் கேள்வியை எடுக்கவில்லை. முழக்கம் இலேசானது.

தேர்தல் முறையையும் இங்கு மறக்கலாகாது. விகிதாசாரத் தேர்தலில் வெட்டுப்புள்ளி 12.5 வீதத்திலிருந்து 5 வீதமாக 1988 இல் குறைக்கப்பட்டதற்கு அஷ்ரஃபின் பேரமும் ஒரு காரணம் என்பது யாவரும் அறிந்தது. அதுவே சமூகக் கட்சிகளுக்கு வாழ்வளித்தது. ஆனால் அதே முறையின் விருப்பு வாக்கு, ஒரே கட்சியின் வேட்பாளர்களை ஒருவரோடொருவர் மோதவிட்டது. எல்லோரும் முஸ்லிம், எல்லோரும் தொழுகையாளிகள், எல்லோரும் மரத்தின் கீழ் நிற்பவர்கள் என்றால் அவர்களுள் யாரைத் தெரிவது? அங்கேதான் இரண்டாவது கேள்வி வேலை செய்கிறது. சம்மாந்துறை தன் ஆளுக்கு, நிந்தவூர் தன் ஆளுக்கு, அக்கரைப்பற்று தன் ஆளுக்கு. எனவே வெளியிலிருந்து பார்ப்பவர் 'முஸ்லிம்கள் மார்க்கத்துக்காக வாக்களிக்கிறார்கள்' என்று எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரும். மார்க்கம் படலையைத்தான் திறக்கிறது. வீட்டுக்குள் கூட்டிச் செல்வது ஊர்.

2018 பெப்ரவரியில் நடந்த கல்முனை மாநகர சபைத் தேர்தல் இவ்விரண்டும் ஒன்றாகிய காட்சி. 1987 வரை தனக்கெனச் சபை வைத்திருந்த சாய்ந்தமருது, அதை மீளக் கேட்டுப் பல காலம் போராடியது. வாக்குறுதிகள் பொய்த்தபோது ஊரின் பெரிய பள்ளிவாசலே முன்னின்று சுயேச்சைக் குழுவொன்றைத் தோடம்பழச் சின்னத்தில் இறக்கியது. ஊர் அதன் பின்னால் திரண்டது. பெரிய கட்சிகள் அங்கே மண்கவ்வின. கோரிக்கையின் நியாயம் பற்றி எனக்கு மறுப்பில்லை. கொழும்பிலிருந்து வந்து மேடையில் வாக்குத் தந்துவிட்டுப் போனவர்களுக்கு அது வேண்டிய பாடமும்கூட. 2020 பெப்ரவரியில் நகர சபைக்கான வர்த்தமானி வந்ததும், சில நாட்களுக்குள் அது இடைநிறுத்தப்பட்டதும் அந்த மக்களின் காயத்தை ஆழமாக்கின. ஆயினும் ஒரு கேள்வி இருக்கிறது. பள்ளிவாசல் ஒரு வேட்பாளரை நிறுத்தினால், அவருக்கு வாக்களிக்க மறுக்கும் ஊர்வாசி எங்கே நிற்கிறார்? கட்சியோடு முரண்பட்டால் வேறு கட்சிக்குப் போகலாம். பள்ளிவாசலோடு முரண்பட்டவர் தன் பிள்ளையின் நிகாஹ் பதிவுக்கும் தன் மையித்துக்கும் எங்கே போவார்? அன்று பள்ளிவாசல் ஊரின் பெரும்பான்மையோடு நின்றது, சரி. நாளை ஊரைப் பிழையாக வழிநடத்துகிற ஒருவரை நிறுத்தினால், அவரை எதிர்க்கும் சொல்லை எந்த மிம்பரிலிருந்து கேட்கப் போகிறோம்?

பெண்கள் விடயத்தில் இந்த முதற் கேள்வி எவ்வளவு வேகமாக உருமாறுகிறது என்பதையும் சொல்லவேண்டும். அஷ்ரஃபின் மறைவுக்குப் பின் பேரியல் அஷ்ரஃப் தேர்தலில் நின்றபோது, பெண் தலைமை ஆகுமா என்று ஹதீஸ்கள் தேடப்பட்டன. மக்கள் அவரைத் தெரிவுசெய்தார்கள், அமைச்சராகவும் இருந்தார். அப்போது வாக்களித்தவர்கள் அவரிடம் எதைக் கண்டார்கள்? ஒரு விதவையையும், ஒரு தலைவரின் நினைவையும். அது அனுதாபம்தான், ஆனால் மார்க்கத் தடை என்று முழங்கப்பட்டதை அந்த அனுதாபம் ஓர் இரவில் தாண்டிவிட்டது. 2018 இல் உள்ளூராட்சி சபைகளில் மகளிருக்கு 25 வீதம் ஒதுக்கப்பட்டதும், நேற்றுவரை ஆகாதென்ற கட்சிகளே வீடு வீடாகப் பெண் வேட்பாளர் தேடின. ஆனால் ஆணிடம் 'தொழுகையாளியா?' என்று கேட்டு நிறுத்திக்கொண்ட ஊர், பெண்ணிடம் அபாயாவின் நிறம் வரைக்கும் போனது. அவர் பேசிய வடிகால் பிரச்சினை எவர் காதிலும் ஏறவில்லை.

இனி எமது மார்க்கம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதற்கு வருகிறேன். நான் ஆலிமல்ல; வாசிக்கிற ஒருவன். பொறுப்புக்கு ஆள் தெரிவதைப் பற்றி அல்குர்ஆன் பேசும் இடங்களை எண்ணிப் பாருங்கள். மூஸா நபியை வேலைக்கு அமர்த்தச் சொல்லும் அந்தப் பெண் தன் தந்தையிடம் முன்வைக்கும் தகுதிகள் இரண்டு: வலிமையும் நம்பிக்கையும். யூஸுஃப் நபி எகிப்து மன்னனிடம் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது தன் நுபுவ்வத்தைச் சொல்லிக் கேட்கவில்லை. காக்கத் தெரிந்தவன், விடயம் அறிந்தவன் என்று சொல்லித்தான் கேட்டார். கேட்டது வேற்று மார்க்கத்து அரசனிடம். அபூதர் (ரலி) அவர்களின் பேணுதலைப் பற்றி எவருக்குச் சந்தேகம் வரும்? ஆனால் அவர்கள் பதவி கேட்டபோது, நீர் பலவீனமானவர், இதுவோ அமானிதம் என்று நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். தக்வாவில் மலைபோல் நின்ற ஒரு ஸஹாபியை நிர்வாகப் பொறுப்புக்குத் தகுதியற்றவராகக் கண்ட அந்த நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அதைத் தேர்தல் கால குத்பாக்களில் நான் அதிகம் கேட்டதில்லை.

இப்னு தைமிய்யா தமது 'அஸ்ஸியாஸதுஷ் ஷரஇய்யா'வில் இதையே விரிக்கிறார். வலிமையும் நம்பிக்கையும் ஒரே ஆளிடம் சேர்வது அபூர்வம். ஆகவே பதவியின் தேவையைப் பார்க்க வேண்டும் என்கிறார். படைத்தலைமைக்குப் பாவியான வீரனா, ஸாலிஹான பலவீனனா என்ற வினாவுக்கு இமாம் அஹ்மத் அளித்த விடையை எடுத்துக்காட்டுகிறார்: வீரனின் வலிமை முஸ்லிம்களுக்குப் பயன்படும், அவன் பாவம் அவனோடு, ஸாலிஹானவரின் பேணுதல் அவருக்குப் பயன்படும், அவர் பலவீனம் முஸ்லிம்கள் தலையில் விழும். அதே நூலில், காசைக் காக்கும் பதவிக்கு நம்பிக்கையை முற்படுத்தச் சொல்கிறார். எவ்வளவு நிதானமான பேச்சு! இப்னு தைமிய்யாவின் பெயரைச் சொல்லி எங்கள் ஊர்களில் எத்தனையோ சண்டை நடந்திருக்கிறது. இந்தப் பக்கத்தைப் புரட்டியவர்கள் குறைவு போலும்.

ஹிஜ்ரத்தின் இரவில் நபி (ஸல்) அவர்களுக்குப் பாலைவனத்தில் வழிகாட்டிய அப்துல்லாஹ் இப்னு உரைகித் அப்போது ஈமான் கொள்ளாதவர். தலைக்கு விலை பேசப்பட்டிருந்த நேரத்தில், உயிரையே ஒப்படைக்கும் பயணத்துக்கு, பாதை அறிந்தவரும் காட்டிக்கொடுக்காதவருமான ஒருவரைத் தெரிந்தெடுத்தார்கள். அதற்கு முன்னர் முஸ்லிம்களை அபிஸீனியாவுக்கு அனுப்பியபோதும், அங்குள்ள கிறிஸ்தவ மன்னரின் ஆட்சியில் எவருக்கும் அநீதி நிகழாது என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. இவற்றை ஸீரா வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். வாக்குச் சாவடிக்குப் போகும்போது வீட்டில் வைத்துவிட்டுப் போகிறோம்.

இதெல்லாம் ஏட்டுப் பேச்சு என்று தோன்றினால் 2020 ஐ நினைவுகூருங்கள். அவ்வாண்டு மார்ச் இறுதியில் தொடங்கி, கொரோனாவில் இறந்த எமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும், ஏப்ரலில் எரிப்பைக் கட்டாயமாக்கும் வர்த்தமானி வந்தது. டிசெம்பரில் இருபது நாள் சிசுவொன்றும் எரிக்கப்பட்டது. எமது ஈமானோடு நேரடியாகத் தொடர்புபட்ட ஒரு விடயம் பாராளுமன்றத்தின் வாசலுக்கு வந்தது என்றால் அது இதுதான். அந்த எரிப்பு நடந்துகொண்டிருந்த ஒக்டோபர் 22 ஆம் திகதி, ஜனாதிபதியின் அதிகாரங்களைக் குவிக்கும் 20 ஆவது திருத்தம் 156 வாக்குகளால் நிறைவேறியது. முஸ்லிம் காங்கிரஸின் தலைவர் எதிர்த்து வாக்களித்தார். அக்கட்சியின் நான்கு உறுப்பினர்கள் ஆதரித்து வாக்களித்தார்கள். அவர்களுள் இருவர் எமது திகாமடுல்லயினர். சமூகத்தின் பிரச்சினைகளைத் தீர்ப்பதற்காகவே அப்படிச் செய்தோம் என்று விளக்கம் சொல்லப்பட்டது. அவர்களின் உள்ளத்தை அல்லாஹ் அறிவான். அவர்களின் வணக்கத்தைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன், சொல்ல எனக்கு உரிமையுமில்லை. எரிப்பு அதற்குப் பின்னும் நான்கு மாதம் நிற்கவில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

மறுபுறத்தில், எரிப்புக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் வாதாடிய சட்டத்தரணிகளுள் எம்.ஏ. சுமந்திரன் இருந்தார்; கிறிஸ்தவர். 2021 பெப்ரவரி 3 ஆம் திகதி பொத்துவிலில் தொடங்கிப் பொலிகண்டி வரை போன நடைபவனியில் ஜனாஸா எரிப்பை நிறுத்து என்பதும் ஒரு கோரிக்கை. மழையில் நனைந்துகொண்டு இந்துக்களும் கிறிஸ்தவர்களும் அதைச் சொல்லி நடந்தார்கள். எமது கரையோர ஊர்களில் முஸ்லிம்கள் வீதிக்கு வந்து அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். அம்மாத இறுதியில் அனுமதி கிடைத்து, மார்ச்சில் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் மண்ணுக்குப் போயின. பொத்துவில் நடைபவனிதான் அதைப் பெற்றுத் தந்தது என்று நான் சொல்ல வரவில்லை. வெளிநாட்டு அழுத்தம் உட்படப் பல காரணங்கள் இருந்தன. எங்கள் மையித்துக்காக யார் நின்றார் என்ற கேள்வியும், எங்களோடு யார் தொழுதார் என்ற கேள்வியும் வெவ்வேறு பெயர்களை விடையாகத் தந்தன என்பதையே சொல்ல வருகிறேன். அவ்வளவு பெரிய பரீட்சை ஒன்று நடந்து முடிந்த பின்பும் அடுத்த தேர்தலில் பழைய கேள்வியையே கேட்டோமென்றால், எங்களுக்கு விடை தேவைப்படவில்லை என்றுதான் பொருள்.

இது எமது தனி நோயன்று. செல்வநாயகம் 1952 இல் காங்கேசன்துறையில் தோற்றபோது அவர் கிறிஸ்தவர் என்பதும் அவருக்கு எதிராகப் பேசப்பட்டது. அதே தொகுதி 1956 இல் அவரைத் தெரிவுசெய்தது. தெற்கில் தலதா மாளிகைக்குப் போகாமல் எவரும் ஜனாதிபதித் தேர்தலில் இறங்குவதில்லை. பண்டாரநாயக்க ஆங்கிலிக்கனாகப் பிறந்து பௌத்தராக மாறியவர். 2004 இல் ஜாதிக ஹெல உறுமய தேர்தலில் நிறுத்திய பிக்குகள் ஒன்பது ஆசனங்களை வென்றார்கள். தர்ம இராச்சியம் வந்ததா என்று சிங்கள நண்பர்களைத்தான் கேட்கவேண்டும். 1960 இல் அமெரிக்காவில் கென்னடி, தான் கத்தோலிக்கன் என்பதற்காக ஹூஸ்டன் நகரில் போதகர்கள் முன்னால் நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. மற்றவர் மார்க்கத்துக்காக ஒருவரை விலக்கும்போது அது பாகுபாடு என்று நமக்கு உடனே தெரிகிறது. நாம் அளக்கும் கோலும் அதே கடையில் வாங்கியது என்பது தெரிவதற்குக் கொஞ்சம் நேரமாகிறது.

அப்படியானால் ஈமானைத் தேர்தலிலிருந்து முற்றாகக் கழற்றிவிட வேண்டுமா என்று கேட்பார்கள். என்னால் அது முடியாது. முடியும் என்று சொல்பவர்களையும் நான் அவ்வளவாக நம்புவதில்லை. முஃப்தி முஹம்மத் ஷஃபீ போன்ற அறிஞர்கள் வாக்கை ஒரு சாட்சியம் என்றும் ஒரு பரிந்துரை என்றும் ஒரு வக்காலத்து என்றும் விளக்கியிருக்கிறார்கள். இந்தப் பார்வையில் ஈமானின் இடம் மாறிவிடுகிறது. சோதிக்கப்படுவது முதலில் வேட்பாளரின் ஈமான் அல்ல, அவரைப் பற்றிச் சாட்சி சொல்லப்போகும் எனது ஈமான். அறியாத ஒருவரைப் பற்றி 'தகுதியானவர்' என்று புள்ளடியிட்டால் நான் பொய்ச்சாட்சி சொல்லியவனாகிறேன். ஊர்ப்பற்றுக்காகவோ உறவுக்காகவோ தகுதியானவரைத் தள்ளினால் அதுவும் அப்படியே. இது வசதியான கொள்கையல்ல. வேட்பாளரின் தாடியை அளப்பதற்கு ஒரு நிமிடம் போதும். அவருடைய ஐந்து வருடத்தை விசாரிக்க வேலை செய்யவேண்டும். மாநகர சபைக் கூட்டங்களுக்கு அவர் எத்தனை முறை வந்தார், ஒலுவில் துறைமுகத்துக்குப் பின் கடல் கரையைத் தின்னத் தொடங்கியபோது எங்கே எதைப் பேசினார், சுனாமியால் வீடிழந்தவர்களுக்காக சவூதி உதவியில் நுரைச்சோலையில் கட்டி, வழக்கில் சிக்கி ஆண்டுக்கணக்காகக் காடுபற்றிக் கிடந்த 500 வீடுகளுக்காக மேடைக்கு வெளியே என்ன செய்தார் என்று தேட வேண்டும். அந்த வீடுகளின் சாவியை எத்தனை தேர்தல் மேடைகளில் 'இன்ஷா அல்லாஹ்' என்று தந்தார்கள்! இந்தப் புனிதமான சொல், தவணை சொல்லாத கடன் சீட்டாக எமது மேடைகளில் தேய்ந்துபோனது எனக்குத் தனியான துக்கம்.

2024 நவம்பரில் திகாமடுல்லயின் ஏழு ஆசனங்களில் நான்கைத் தேசிய மக்கள் சக்தி பெற்றது. மரத்துக்கு ஒன்று. முதற் கேள்வியைக் கேட்காமல் வாக்களித்த முஸ்லிம்கள் எமது ஊர்களிலும் இருந்தார்கள், குறிப்பாக இளைஞர்கள். அதன் பின் அமைந்த அமைச்சரவையில் முஸ்லிம் ஒருவரும் இல்லை என்றானபோது, 'பார்த்தீர்களா?' என்று பழைய குரல்கள் திரும்பி வந்தன. அந்தக் குறையை நான் சிறிதாக்க மாட்டேன். ஒரு சமூகத்தின் முகம் மேசையில் இல்லாதபோது அதன் வலியும் எளிதில் மேசைக்கு வருவதில்லை. ஆனால் மேசையில் முகம் இருந்த 2020 இல் என்ன நடந்தது என்பதையும் அதே மூச்சில் சொல்லவேண்டும். பிரதிநிதி எம்மவராக இருக்க வேண்டும் என்பது ஒரு நியாயமான ஆசை. எம்மவராக இருந்தால் போதும் என்பதுதான் எம்மை இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டது.

எனது உறவுக்காரப் பையன் ஒருவன், கடற்றொழில் செய்பவன், ஒரு தேர்தல் முடிந்த கையோடு என்னிடம் வந்தான். வாக்குக்காக ஒரு தரப்பார் காசு கொடுத்து, அல்குர்ஆன் மேல் கைவைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். அவன் காசை வாங்கிக்கொண்டு, சாவடிக்குள் மனம் கேட்காமல் வேறொருவருக்குப் போட்டுவிட்டான். 'மாமா, சத்தியம் முறிஞ்சு போச்சு, எனக்கு என்ன நடக்கும்?' என்றான். பத்து ஏழைகளுக்கு உணவளிக்க வேண்டும், இயலாவிட்டால் மூன்று நோன்பு பிடிக்க வேண்டும், மற்றதை ஹஸ்ரத்திடம் கேள் என்றேன். அந்தக் காசிலேயே பத்துப் பேருக்குச் சாப்பாடு கொடுக்கலாமா என்று கேட்டான். அது இலஞ்சம், அதைக் கொண்டு குற்றப்பரிகாரம் செய்ய முடியாது, கொடுத்தவரிடமே திருப்பிக் கொடு என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். கொடுத்தவர் தன்னோடு ஒரே பள்ளியில் தொழுகிறவர் என்றும், இஷாவுக்குப் பின் அவரைத் தனியே பிடிக்கப் பார்க்கிறேன் என்றும் சொல்லிவிட்டுப் போனான்.